போட்டியிட ஆளில்லாத பஞ்சாயத்துகள்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மிடம் தமிழகத்துக் கிராம ஆட்சியைப் பற்றிப் பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டையே புகழ்வர். நாமும் பெருமிதத்துடன் தலையசைப்போம். பாப்பாபட்டியை எவரும் வினவுவதில்லை.

1996-இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பெற்றது. அபேட்சகராக நிற்க ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. ஆதிக்க சாதியாரின் நிலத்தில் கூலிக்குச் செல்பவர், அவர்கள் மறுக்கும் பதவிக்கு எவ்வாறு மனுச் செய்வார்? பின்னர் ஒருவாறு வென்றோரும் பதவியேற்ற கையோடு ராஜிநாமா செய்தனர்.

அவ்வச்சம் வீணானதன்று. மேலவளவில் துணிந்து நின்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று, வந்த பஸ்ஸை மறித்தவர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வந்தோர் சிலரும் மாண்டனர். அந்நான்கு ஊர்களிலும் முறையாகத் தேர்தல் நடந்தேறியது 2006 அக்டோபரில்தான்.