உறிஞ்சுவது நிறத்தை அல்ல, எண்ணை

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரி மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருள் எதைத் திறந்தாலும், பேனாவுக்கு இங்க் போடுற ஃபில்லர் மாதிரி ஒரு சின்ன ஐகான் இருக்கும். ஐட்ராப்பர்னு பேர். படத்துல ஒரு இடத்தைத் தொட்டா அந்த நிறத்தை எடுத்துக் கொடுக்கணும். அவ்வளவுதான் அதோட வேலை. ஆனா இந்தத் தொழில்ல இருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் ஒரு புலம்பல் தயாரா இருக்கும்: "நான் தொட்டது ஒரு சிவப்பு, அது கொடுத்தது வேற சிவப்பு."

கருவி கெட்டுப்போச்சுன்னு மென்பொருளைத் திரும்ப நிறுவுறவங்களும் உண்டு. பெரும்பாலும் கருவி மேல தப்பே இருக்காது. அது நிறத்தை உறிஞ்சுறதே இல்லை, ஒரு எண்ணைத்தான் உறிஞ்சுது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்ங்கிறதை வேற வேற வருஷத்துல, வேற வேற ஊர்ல, வேற வேற ஆட்கள் அவங்கவங்க வசதிக்கு முடிவு பண்ணி வச்சிருக்காங்க. அந்தக் கதை தெரிஞ்சா பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

கதையை 1973-ல் ஆரம்பிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடம். ரிச்சர்ட் ஷூப் என்பவர் சூப்பர்பெயின்ட் என்று ஒரு அமைப்பை உருவாக்கினார். திரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் 8 பிட் இடம். அதாவது ஒரே நேரத்தில் 256 நிறம். அந்த 256-ஐ 1 கோடியே 67 லட்சம் நிறங்களிலிருந்து நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம். ஏப்ரல் மாதம் அது பிடித்த முதல் படத்தில் ஷூப் கையில் ஒரு அட்டையோடு நிற்கிறார். "வேலை செய்யுது, ஒரு மாதிரியா" என்ற அர்த்தத்தில் அதில் எழுதியிருந்தது. ஐட்ராப்பருக்கும் இது பொருந்தும் :-)

1 கோடியே 67 லட்சத்தில் ஒன்றை எப்படிப் பொறுக்குவது? மூன்று பிடி: சிவப்பு, பச்சை, நீலம். இயந்திரத்துக்கு இது சுலபம். ஓவியம் வரைகிறவருக்கோ தலைவேதனை. காபிப் பொடி நிறம் வேணும்னா பச்சையை எவ்வளவு திருப்பணும்? எவருக்குத் தெரியும்! 1974-ல் அங்கே வந்து சேர்ந்த ஆல்வி ரே ஸ்மித் இந்தத் தலைவேதனைக்கு மருந்து கண்டுபிடித்தார். நிறம், அதன் அடர்த்தி, அதன் பிரகாசம் என்று மூன்று பிடிகள். உள்ளே அவை ஆர்ஜிபி எண்களாக மாறிக்கொள்ளும். இதைத்தான் எச்எஸ்வி என்கிறோம் (அடோபி மென்பொருள்களில் எச்எஸ்பி). 1978-ல் சிக்கிராஃப் மாநாட்டுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு நாம் திறக்கும் நிறப்பெட்டியில் இருக்கும் சதுரமும் அதன் பக்கத்துப் பட்டையும் அந்தக் கணக்கின் வாரிசுகள்தான்.

ஆனா அது வேகத்துக்காகப் போட்ட எளிமையான கணக்கு. நம்ம கண்ணை அளந்து போட்டதில்லை. முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் அதில் பிரகாசம் ஒரே 100தான். நிஜத்தில் இன்றைய திரையில் வெள்ளையை 100 என்று வைத்தால் மஞ்சளின் வெளிச்சம் சுமார் 93, நீலத்தின் வெளிச்சம் சுமார் 7. "பிரகாசத்தைத் தொடவே இல்லை, நிறத்தை மட்டும்தான் சுத்தினேன், டைட்டில் ஏன் இருட்டாச்சு?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

அடுத்த வில்லன் காமா. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முக்கால்வாசித் தகராறு இங்கேதான். பழைய பிக்சர் டியூப் டிவியில் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்காகாது. நாலரை, ஐந்து மடங்காகிவிடும். இதை ஒவ்வொரு டிவிப் பெட்டியிலும் சரிசெய்தால் செலவு ஏறும். அதனால் ஒளிபரப்பும் இடத்திலேயே தலைகீழாக வளைத்து அனுப்பினார்கள். பிக்சர் டியூப் பரணுக்குப் போய்விட்டது, வளைவு மட்டும் போகவில்லை. இப்போதும் படக்கோப்பில் 128 என்று இருந்தால் அது பாதி வெளிச்சம் இல்லை, சுமார் 22 சதவீதம்தான். பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் எண் 188.

மோஷன் கிராஃபிக்ஸில் இது எங்கே கடிக்கும்? சிவப்பு பச்சையாக மாறும் ஒரு டிசால்வ் போடுங்கள். நடுவில் நிறுத்தி ஐட்ராப்பரை வையுங்கள். 128, 128, 0 என்று அழுக்குப் பச்சை வரும். ஒளியை நேராகக் கலக்கும் முறையை, அதாவது லீனியர் கலவையை, இயக்கிவிட்டு அதே இடத்தைத் தொட்டால் 188, 188, 0. கருவி இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லுது.

போதாக்குறைக்கு மேக் கணினிகள் பல வருஷம் 1.8 காமாவிலும், விண்டோஸ் உலகம் 2.2-லும் இருந்தன. 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்டில்தான் ஆப்பிள் 2.2-க்கு மாறியது. அதுவரை மேக்கில் செய்த டைட்டில் விண்டோஸில் கருத்துப் போகும், அங்கிருந்து வந்தது இங்கே வெளுத்துப் போகும். எண் அதேதான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பிறந்ததும் மேக்கில்தான். 1993 ஜனவரியில், ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் கோசா என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. அதே வருஷம் ஆல்டஸ் வாங்கியது, 1994-ல் ஆல்டஸை அடோபி விழுங்கியது. ஆரம்பத்தில் 8 பிட். 2001-ல் வந்த 5.0-ல் 16 பிட், 2006-ல் வந்த 7.0-ல் 32 பிட். 32 பிட்டில் வெள்ளையைவிட வெள்ளையான எண்ணெல்லாம் உண்டு. சூரியனைத் தொட்டுவிட்டு 255-க்குள் எண்ணைத் தேடினால் கிடைக்காது.

இதற்கிடையே 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து "சாதாரண கணினித் திரை எல்லாம் இப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம்" என்று எஸ்ஆர்ஜிபி என்ற ஒப்பந்தத்தை முன்வைத்தன. 1999-ல் சர்வதேசத் தரமானது. கொஞ்ச காலம் ஊர் அமைதியாக இருந்தது. பிறகு 2015 வாக்கில் பி3 என்ற அகன்ற நிறம் காட்டும் ஐமேக் திரைகள் வந்தன, பழைய சண்டை புது வேஷத்தில் திரும்பியது.

என் நண்பர் ஒருவர் சின்னதாக எடிட்டிங் ரூம் வைத்திருக்கிறார். ஒரு கடை விளம்பரம், பத்து செகண்ட் லோகோ அனிமேஷன். லோகோவின் சிவப்பு 255, 0, 0. அவர் திரையில் தெரிவதை அளக்கும் வேறொரு கருவியால் லோகோவைத் தொட்டு, வந்த எண்ணை அப்படியே டைட்டிலுக்குப் போட்டிருக்கிறார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது நம்ம சிவப்பு இல்லையே தம்பி, தக்காளி மாதிரி இருக்கு" என்று பாக்கிப் பணத்தை நிறுத்திவிட்டார். நண்பர் எனக்குப் போன் பண்ணி, மென்பொருளைத் திட்டித் தீர்த்தார். "எண்ணைச் சொல்லுங்க" என்றேன். 234, 51, 35. கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பை பி3 திரையின் கணக்கில் எழுதினால் சரியாக இதுதான் வரும். கருவி அளந்தது திரைக்குப் போகும் எண்ணை, கோப்பில் இருக்கும் எண்ணை அல்ல. டைட்டிலில் 255, 0, 0 என்று கையால் அடிக்கச் சொன்னேன். மறுநாள் பணம் வந்தது. மேக்கிலேயே இருக்கும் டிஜிட்டல் கலர் மீட்டரில், எந்தக் கணக்கில் எண்ணைக் காட்ட வேண்டும் என்று மெனுவிலேயே கேட்டிருப்பார்கள். அதை எவர் பார்க்கிறார்கள்!

அதனால் சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான். கறுப்பு, வெள்ளை, 128 சாம்பல், 255 சிவப்பு என்று நாலு கட்டம் போட்டு ஒரு படம். அதை புராஜெக்டுக்குள் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். கறுப்பு 16 என்றும் வெள்ளை 235 என்றும் வந்தால் டிவி அளவு குறுக்கே வந்திருக்கிறது. 1982-ல் டிஜிட்டல் வீடியோவுக்குப் போட்ட தரத்தில் கறுப்பும் வெள்ளையும் அந்த எண்கள்தான். கறுப்பும் வெள்ளையும் சரி, சாம்பல் மட்டும் 55 அல்லது 188 ஆகியிருந்தால் காமா. சாம்பலும் சரி, சிவப்பு மட்டும் தக்காளியானால் புரொஃபைல். புராஜெக்ட் செட்டிங்ஸில் வொர்க்கிங் ஸ்பேஸ் என்ன என்று பாருங்கள்.

நாலும் சரியாக வந்து, படத்தில் மட்டும் தப்பாக வந்தால்? பெரும்பாலும் ஓரத்தில் தொட்டிருப்பீர்கள். வீடியோவில் வெளிச்சத்தைவிட நிறம் குறைவான புள்ளிகளில்தான் சேமிக்கப்படுகிறது, ஓரத்தில் பக்கத்து வீட்டு நிறமும் கலந்திருக்கும். பாதி ஒளி ஊடுருவும் சிவப்பாக இருந்தால் கறுப்பு கலந்து 128, 0, 0 என்று இருட்டாக வரலாம். நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைக்கும் இந்த வழக்கம் போர்ட்டரும் டஃபும் 1984-ல் எழுதிய கட்டுரை வழியாக வந்தது. நிறம் சீராக இருக்கும் நடு இடத்தில், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தொட்டால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 5-க்கு 5 புள்ளிகளின் சராசரியைக் கொடுக்கும் (மேக்கில் கமாண்ட்).

கொசுறு: ஸ்மித்தை ஜெராக்ஸ் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை. வருங்கால அலுவலகத்துக்குக் கறுப்பு வெள்ளை போதும், கலர் வேண்டாம் என்று முடிவெடுத்து 1975 தொடக்கத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர் நியூயார்க் பக்கம் போய் எட் கேட்மல்லோடு சேர்ந்து ஆல்ஃபா சேனலைக் கொண்டுவந்தார், 1986-ல் அதே கேட்மல்லோடு பிக்ஸாரைத் தொடங்கினார். ஷூப்பின் சூப்பர்பெயின்ட் 1978-ல் நாசாவின் பயனியர் வீனஸ் பயணத்தை டிவியில் விளக்கும் அசையும் படங்களை வரைந்தது. 1983-ல் ஷூப்புக்கு எம்மி விருது கிடைத்தது.