மண்பாண்டமும் எல்லைக் கோடும்

எழுத்தில் கண்டதை ஐயுற்று வினவும் நாம், வண்ணம் தீட்டிய தேசப்படத்தைக் கண்டதும் எளிதில் நம்பிவிடுகிறோம். ஸ்லாவிய இனத்தாரின் ஆதிக் குடியிருப்புகளைக் காட்டும் படங்களின் வரலாற்றை அறிந்தால், அந்த நம்பிக்கை எத்துணை அபாயமானது என்பது விளங்கும்.

ஒரே வகைத் தொல்பொருள்கள் கிடைக்கும் பரப்பு ஓர் இனத்தின் தாயகமே என்னும் கொள்கையை வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் கோசின்னா. வெர்சேல் மாநாட்டில் போலந்தின் எல்லை பேசப்பட்ட 1919ஆம் ஆண்டில், விஸ்துலா ஆற்று நிலம் ஜெர்மானியரின் தொன்மைத் தாயகம் என அவர் நூல் எழுதினார். அவரிடம் பயின்ற போலந்து அறிஞர் யூசெஃப் கோஸ்ட்ஷெவ்ஸ்கி, ஆசானின் கொள்கையையே ஆசானுக்கு எதிராகத் திருப்பினார். அந்நிலத்தின் லுசாத்தியப் பண்பாடு ஆதி ஸ்லாவியருடையது என்றார்.

1933இல் கண்டறியப்பட்ட பிஸ்கூபின் என்னும் ஏரிக்கரைக் கோட்டையூரை, அடுத்த ஆண்டு முதல் அவர் அகழ்ந்தார். 1939இல் போலந்தைக் கைப்பற்றிய நாஜிகள் அவ்வூரின் பெயரையே மாற்றி, தம் ஆய்வாளரைக் கொண்டு அதே மண்ணைத் தோண்டினர். மேற்குப் பகுதியிலிருந்து போலந்து மக்களைத் துரத்தவும் செய்தனர். 1945இல் காட்சி மாறியது. ஓடர், நைசே ஆறுகள் வரை மேற்கே நகர்ந்த போலந்து, புதிதாய்ப் பெற்ற பகுதியை 'மீட்கப்பட்ட நிலம்' என அழைத்தது. இம்முறை வீடிழந்து வெளியேறியோர் பல இலட்சம் ஜெர்மானியர்.

பிஸ்கூபினில் கிடைத்த மரங்களில் பாதிக்கு மேற்பட்டவை கி.மு. 738ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என மரவளையங்கள் காட்டுகின்றன. ஸ்லாவியரின் பெயரோ கி.பி. 6ஆம் நூற்றாண்டு நூல்களில்தான் தெளிவாகத் தென்படுகிறது. இடைப்பட்டவை ஏறத்தாழ 1,250 ஆண்டுகள். அவ்வூரார் பேசிய மொழி எதுவென்று அவர்தம் பானைகள் எவ்வாறு சொல்லும்?

1970களின் இறுதியில் காஸிமியர்ஸ் கோட்வோவ்ஸ்கி என்னும் போலந்து அறிஞரே, ஸ்லாவியர் கிழக்கிலிருந்து பிற்காலத்தில் வந்தவர் என வாதிட்டார். தம் நாட்டில் அரசின் ஆதரவு பெற்றிருந்த கருத்துக்கு அது மாறானது. 2025இல் வெளிவந்த தொல்மரபணு ஆய்வும், 6ஆம் நூற்றாண்டு முதல் கிழக்கிலிருந்து பெருங்குடிபெயர்வு நிகழ்ந்ததையே சுட்டுகிறது.

இந்தப் புதிய முடிவையும் நாளை எவரேனும் கொடியாக ஏந்தக்கூடும். ஆகவே நாம் உறுதியாகப் பற்ற வேண்டியது ஒன்று உண்டு. முன்னர் வந்தவர் எவர் என்பது ஆய்வாளரின் கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடை எதுவாயினும், இன்று அம்மண்ணில் வாழும் ஒரு குடும்பத்தை வாசலுக்கு வெளியே தள்ளுவதற்கு அது பட்டயம் ஆகாது.