பிள்ளைச் சோறு யார் கையால்?

பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டாலும் மனசு அந்தப் பக்கத்துச் சொல்லைத் தேடிக்கொண்டு ஓடும். நாம் 'பால் மறக்கடிப்பது' என்கிறோமே, அதை அவர்கள் 'செவ்ராழ்' என்பார்கள். பிரிப்பது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அங்கே பிள்ளையைப் பாலிலிருந்து பிரிக்கிறார்கள். இங்கே பாலை மறக்க வைக்கிறார்கள். ஆனால் பால் போன இடத்தில் என்ன வந்தது, அது யார் கையால் வாய்க்குப் போனது என்பதைப் பற்றி இரண்டு சொல்லுமே பேசுவதில்லை.

அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். மசித்து ஊட்டுவதில் தொடங்கி, பிள்ளை தானே எடுத்துத் தின்பது வரை உள்ள அந்த ஒரு வருஷத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் தேனிப் பக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. பேரன் பேத்தி எடுத்த வீடுகளில் இப்போதெல்லாம் இது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. "அத்தை, ஊட்டாதீங்க, அவனே எடுத்துத் தின்னட்டும்" என்று மருமகள் சொல்ல, "ஏழு மாசப் பிள்ளை என்னத்தத்தா எடுத்துத் திங்கும்? தொண்டையில சிக்கினா யாரு பதில் சொல்றது?" என்று மாமியார் கேட்க, நடுவில் நம்மைப் போன்ற கிழவர்கள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறோம்.

மருமகள்கள் நினைப்பதுபோல இது நேற்று வந்த சங்கதி அல்ல. நம் பாண்டிய நாட்டு அரசன் ஒருவனே இதைப் பாடியிருக்கிறான். புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பி, எத்தனை செல்வம் இருந்தாலும் வீட்டில் பிள்ளை இல்லையென்றால் பயனில்லை என்கிறான். அந்தப் பிள்ளையை அவன் எப்படிக் காட்டுகிறான் என்பதுதான் விஷயம். தளர்நடை போட்டு வருகிறது, நெய்ச்சோற்றில் கையை விடுகிறது, வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டு மீதியை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. ஊட்டிவிடும் தாய் அந்தப் பாட்டில் இல்லை. பிள்ளையின் கைதான் இருக்கிறது. வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் பிள்ளை கைவிட்டுக் கலக்கிய கூழை அமிழ்தத்துக்கு மேலே வைத்தார். 

இதே அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புத்திமதி 184ஆம் பாட்டாக அதே நூலில் இருக்கிறது. யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன நிலமே பல நாளைக்குக் காணும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு வீணாவதுதான் அதிகம் என்கிறார். அவர் சொன்னது வரி வசூலைப் பற்றி. அரசாங்க எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு அந்தப் பாட்டு மறக்காது. ஆனால் தானே தின்னும் பிள்ளையைச் சுற்றித் தரையைத் துடைக்கிற எந்தத் தாயிடம் கேட்டாலும், யானை உதாரணம் தனக்குத்தான் என்பாள்.

பாட்டில் இருந்ததெல்லாம் வீட்டில் அப்படியே நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். நம் பாட்டிமார் கையில் சங்கு இருந்தது. பித்தளையிலோ வெள்ளியிலோ செய்த அந்தப் பாலாடையை வயதானவர்கள் எல்லோரும் அறிவோம். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சிய பாலைப் புகட்டுவார்கள். பிள்ளை கத்தும்; கத்துகிற வாய்க்குள் கூழ் போகும். கையை நம்பிய மரபும் நம்முடையதுதான், கையை அமுக்கிய மரபும் நம்முடையதுதான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சங்குக்கு அடுத்த கட்டம் அவ்வளவு மோசமில்லை. உள்ளங்கையில் பருப்புச் சோற்றை நெய் விட்டுப் பிசைந்து, விரல் நுனியால் வாயில் வைப்பார்கள். எவ்வளவு மசிந்திருக்கிறது, சூடு எவ்வளவு என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். பல் முளைத்ததும் சில வீடுகளில் பல்லுக் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையைச் சுற்றிப் போட்டு, எதிரே ஏடு, எழுதுகோல், நெல் என்று பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். பிள்ளை பெரும்பாலும் கொழுக்கட்டையைத்தான் எடுக்கும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வீடுகளில் பல் முளைக்கும் பிள்ளை கையில் நீள ரொட்டியின் காய்ந்த முனையை ஒடித்துக் கொடுப்பார்கள். பிள்ளை அதைச் சப்பிச் சப்பி ஈரமாக்கி, கன்னத்திலெல்லாம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கதையில் டப்பா நுழைந்தது 1867ஆம் வருஷம். சுவிட்சர்லாந்தின் வெவே நகரத்தில் ஹென்றி நெஸ்லே என்ற மருந்தாளுநர் பால், கோதுமை மாவு, சர்க்கரை மூன்றையும் சேர்த்துச் செய்த மாவை விற்க ஆரம்பித்தார். பெயர் 'ஃபரின் லாக்தே', அதாவது பால் மாவு. தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைகள் கொத்துக்கொத்தாகச் செத்த காலம் அது. அந்த மாவு பல உயிர்களைக் காப்பாற்றியதை மறுக்க முடியாது. 1928இல் அமெரிக்காவில் கெர்பர் கம்பெனி வேகவைத்து வடிகட்டிய காய்கறிக் கூழையே டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. நம் ஊர் மருந்துக் கடை அலமாரிகளில் ஃபேரக்ஸ் டப்பா உட்கார்ந்திருந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதை வாங்குகிற வீட்டுக்குத் தெருவில் தனி மதிப்பு. டப்பாவோடு கரண்டியும் வந்தது. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்று முடிவு செய்வார்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1928இல் அதே அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் இதற்கு நேர் எதிரான ஒரு சோதனையை வெளியிட்டார். அப்போதுதான் பால் மறந்த, ஆறு முதல் பதினொரு மாதப் பிள்ளைகளின் முன்னால் ஒரு தட்டத்தில் பல கிண்ணங்களில் உணவை வைத்தார். செவிலி கரண்டியோடு பக்கத்தில் இருப்பாள். ஆனால் பிள்ளை எதையாவது நோக்கிக் கை நீட்டினால் ஒழிய எதையும் கொடுக்கக் கூடாது, இதைத் தின்னு என்று ஜாடைகூடக் காட்டக் கூடாது. பிறகு மொத்தம் 15 பிள்ளைகளை வருஷக்கணக்கில் இப்படிப் பார்த்தார். எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு வளைந்த நோயோடு வந்த ஒரு பிள்ளை, கசக்கும் மீனெண்ணெயைத் தானாகவே குடித்து, நோய் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டது. பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று பலர் இதைக் கொண்டாடினார்கள். டேவிஸ் அம்மையார் அப்படிச் சொல்லவில்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று 1939இல் அவரே எழுதினார். தட்டத்தில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளில் சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட இல்லை. எடுப்பது பிள்ளையின் கை. தட்டத்தில் வைப்பது பெரியவர் கை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 1980இல் தமிழக ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியது. முதலில் சோதித்துப் பார்த்த இடம் அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். தேனி தனி மாவட்டமானது 1997 ஜனவரியில்தான். அதுவரை கம்பமும் போடியும் மதுரை மாவட்டத்தில்தானே இருந்தன. நான் அப்போது அந்த மாவட்டத்து ஒன்றிய அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மையத்துக்கு இடம் பார்ப்பது போன்ற தபால்கள் என் மேசை வழியாகவும் போயின.

அதுவரை அரசாங்கம் போட்ட சோறு பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைக்கு. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவும் அப்படித்தான். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவு கிராமங்களில் இரண்டு வயதுப் பிள்ளை வரை இறங்கி வந்தது. ஆனால் பிள்ளைகள் மெலிவது அதற்கும் முன்னால், பால் மட்டும் போதாமல் போய் வேறு சோறு சரியாகப் பிடிபடாத அந்த இடைவெளியில். இந்தத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் குறிவைத்தது. மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை ஏறுகிற பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. ஏறாமல் நின்றுபோன பிள்ளைக்கு மட்டும் 90 நாள் உணவு. "அந்தப் பிள்ளைக்கு உண்டு, எம்பிள்ளைக்கு இல்லையா?" என்று சண்டைக்கு வந்த தாய்மார்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஊட்டச்சத்துப் பணியாளர்கள் இளைத்துப் போனார்கள்.

கொடுத்த உணவு என்ன தெரியுமா? லட்டு! மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை. பல ஊர்களில் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களே அதைச் செய்தார்கள். பொட்டலமாகக் கொடுத்தால் வீட்டில் அண்ணன், அக்கா, அப்பா என்று பங்கு போய்விடும் என்பதால், மையத்திலேயே உட்கார வைத்துத் தின்னச் செய்தார்கள். சின்னதுக்குத் தாய் நீர் விட்டுப் பிசைந்து ஊட்டுவாள். ஒரு வயது தாண்டியது லட்டைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக் கரண்டிக்கொண்டிருக்கும். மேலே சட்டை இல்லாமல், இடுப்பில் கறுப்புக் கயிறோடு, வாயெல்லாம் மாவோடு வரிசையாக உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்கு அறிவுடைநம்பியின் பாட்டுதான் ஞாபகம் வந்தது. நெய்தான் இல்லை.

ஆனால் லட்டைவிட அரிதாக இருந்தது வேறொன்று. நம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்கள் கிளம்பும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் பெண்களை அடைத்துக்கொண்டு மலையேறும். இருட்டுகிற நேரத்தில் இறங்கும். அந்தப் பிள்ளைகள் அப்பத்தாவிடமோ ஏழு வயது அக்காவிடமோ இருக்கும். கம்பத்தில் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "தானா திங்க விட்டா ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம் ஆகுது சார். ஊட்டுனா அஞ்சு நிமிசம். ஆடு வேற கத்துது." அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளை தானே தின்பதற்கு வேண்டிய முதல் பொருள், பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அந்த ஆள் கிடைக்காத வீட்டில் கூழ் தண்ணீராகிறது. இறுக்கமான கூழை ஊட்டவும் நேரம் பிடிக்குமே. தண்ணீர்க் கூழில் வயிறு நிறையும், எடை ஏறாது. இன்று வசதியான வீடுகளில் அந்த ஆளின் இடத்தில் செல்பேசி இருக்கிறது. நிலாவைக் காட்டி ஊட்டிய காலத்தில், நிலாவைக் காட்டுகிறவளாவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2008இல் கில் ராப்லி என்ற ஆங்கிலேய செவிலி எழுதிய புத்தகம்தான் இப்போது மருமகள்கள் வாயில் புழங்கும் முறைக்கு மூலம். கூழே வேண்டாம், ஆறாம் மாதத்திலேயே பிள்ளை கையில் துண்டுகளாகக் கொடு என்கிறது. உலக சுகாதார நிறுவனம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் மசித்தது, எட்டாம் மாத அளவில் கையால் எடுத்துத் தின்பதும் சேரட்டும், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்கிறது. எனக்கு இதுதான் நம் வீடுகளுக்கு ஒத்துவரும் என்று படுகிறது. வேகவைத்த காரட், நன்றாகப் பழுத்த வாழைப்பழம், இட்லித் துண்டு, இடியாப்பம்: எட்டு மாதக் கைக்கு இவை போதும். சின்னமனூர்ப் பக்கம் வாழைக்கா பஞ்சம்?

மாமியாரின் பயத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் 206 குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. எதைக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்த பிறகு, தானே தின்ற பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் மூச்சடைக்கவில்லை என்றது. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஆபத்தான பண்டங்களைக் கொடுத்த வீடுகள் நிறைய இருந்தன. ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. ஓங்கரிக்கிற பிள்ளை சத்தம் போடும், இருமும், தானே வெளியே தள்ளும். மூச்சடைத்த பிள்ளைக்குச் சத்தமே வராது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையானால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு; போகாவிட்டால் திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து; மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பண்டத்துக்காக வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது.

நம் ஊரில் இதற்கு முதல் எதிரி முற்றத்திலேயே தொங்குகிறது. பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1832இல் என்று சொல்வார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமைதான். ஆனால் முழுத் திராட்சை பிள்ளையின் மூச்சுக்குழலுக்கு அளவெடுத்துச் செய்த மூடி. வழுக்கும், கரையாது, உள்ளே விதை வேறு. ஐந்து வயது வரை நீளவாக்கில் நான்காகக் கீறி, விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நிலக்கடலை, பொட்டுக்கடலை, பச்சைக் காரட், முறுக்கு எல்லாம் அதே வரிசை.

லட்டு இப்போது இல்லை. அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் இணை உணவு மாவுப் பொட்டலம் தருகிறார்கள். பல வீடுகளில் அதைப் பாலில் கரைத்துக் கஞ்சியாகப் புகட்டுகிறார்கள், சில வீடுகளில் ஆட்டுக்குப் போகிறது. காய்ச்சிய தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வரும். பிள்ளையின் கைப்பிடிக்கு அடங்குகிற அளவில், விரல் பட்டால் உதிர்கிற பதத்தில் பிடிக்க வேண்டும். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொண்டால் துடைக்கிற வேலை பாதி குறையும்.