படி அரிசியும் வாக்குச் சீட்டும்

தேசத்தின் பொருளாதார நிலையைச் சாமானிய ஜனங்கள் புள்ளிவிவரங்களால் அன்று, தம் வீட்டு அரிசிப் பானையைக் கொண்டே அளந்தறிகிறார்கள் என்னும் சத்தியத்துக்கு 1967-ஆம் ஆண்டுச் சென்னை ராஜ்யத் தேர்தல் தக்க சாட்சியாகும். மழை பொய்த்து, 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டு, விலைவாசி ஏறிய அக்காலத்தில், அரிசிக்காகப் பையுடன் கால்கடுக்க நின்ற குடும்ப ஸ்திரீக்கு, முந்தானையில் முடிந்திருந்த ரூபாயே சர்க்காரின் யோக்கியதையை எடுத்துரைத்தது. அன்று ஆண்ட காங்கிரஸ் எழுப்பிய அணைகளும் பள்ளிகளும் மெய்யானவையே. ஆயினும், இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்தின் வேதனை ஆறாதிருந்த ஜனங்களுக்கு, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற தி.மு.க.வின் வாக்குறுதியே நெஞ்சில் பதிந்தது. விருதுநகரில் காங்கிரஸ் தலைவர் காமராஜரே தோற்றார். தி.மு.க. வெல்ல, முதலமைச்சரான அண்ணாதுரை அவ்வாண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கச் செய்தார். பசித்தவரின் கணக்கைப் பாமரக் கணக்கென்று இகழாதிருப்பதே ஜனநாயக தர்மம்.