ஏவலும் வினாவும்

பல மொழியினர் சேர்ந்து உழைக்கும் இடத்தை நிர்வகிப்பது எவ்வாறு என்பதை மேலாண்மைத் துறையினர் புதிய கேள்வியாகப் பேசுகின்றனர். அருப்புக்கோட்டை, திருச்சுழி என்னும் மானம்பார்த்த பூமியைச் சேர்ந்த நமக்கு அது பழங்கதை. அதன் பெயர் கங்காணி.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் முதலில் காப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் பெருகின. மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்தும் மக்கள் கடல் கடந்தனர். 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் அப்பயணம் மிகுந்தது.

தோட்டத்தில் துரை ஐரோப்பியர், உழைப்போர் தமிழர். இடையில் நின்ற கங்காணியே ஆள் சேர்த்தார், முன்பணம் தந்தார், பெரட்டில் நிறுத்தினார், சச்சரவு தீர்த்தார். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசும் உண்டு. ஊரும் சாதியும் உறவும் மலையேறி நிர்வாகக் கருவிகளாயின. கடன் தொகை எழுதிய ‘துண்டு’ச் சீட்டின் வழியே ஆட்கள் தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாறினர். அம்முறை ஒழிந்தது 1921இல்தான்.

துரைமாரும் தமிழ் கற்றனர். சின்னதுரைகளுக்கென்று கொழும்பில் அச்சான கையேடொன்றின் பெயரே ‘இங்கே வா!’. தலைப்பிலேயே ஏவல் வினை! ஏவுவதற்கு வேண்டிய மொழியைத் துரை அறிந்தார். குறை கேட்பதற்கு வேண்டிய மொழி கங்காணியிடம் இருந்தது. இருவருக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளியே கங்காணியின் முதல்.

இன்று தமிழகத்து நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். அவர்களில் பலரைச் சேர்ப்பவர் ஒப்பந்தக்காரர். அவர்களிடம் பேச நாம் கற்றுக்கொண்ட இந்திச் சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அவற்றுள் ஏவல் எத்தனை, வினா எத்தனை?