உடுவில் முதல் ஒஸ்லோ வரை: எங்கள் பெண்கள் பாடசாலைகளும் வெளியுலகும்

யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு வெளியுலகத் தொடர்பு எப்போது வந்தது என்று எங்கள் ஆட்களிடம் கேட்டால், "அது எண்பத்து மூண்டுக்குப் பிறகுதானே" என்று உடனே பதில் வரும். நாங்கள் விமானம் ஏறியதிலிருந்துதான் உலகம் தொடங்கியது என்பது எங்களுக்கு ஒரு நினைப்பு. ஆனால் கப்பலும் கடிதமும் மட்டும் இருந்த காலத்திலேயே உலகம் எங்கள் பெண்கள் பாடசாலைகளின் வாசலுக்கு வந்துவிட்டது. அது எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், வந்தபோது எங்கள் பிள்ளைகளை யாராவது ஒரு சொல் கேட்டார்களா என்பதைத்தான் இந்தச் சித்திரைப் புத்தாண்டு மலரில் எழுத நினைத்தேன். நான் சரித்திர ஆசிரியை அல்ல. உடுவிலில் படித்த ஒரு அம்மம்மாவின் பேத்தி, அவ்வளவுதான்.

1819 இல் பொஸ்ரன் துறைமுகத்தில் ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் வந்தவர்களில் மைரன் வின்சுலோவும் அவருடைய மனைவி ஹரியற்றும் இருந்தார்கள். 'வின்சுலோ அகராதி' என்று நாங்கள் சொல்கிறோமே, 1862 இல் வெளிவந்த அந்தப் பெரிய தமிழ் - ஆங்கில அகராதி, அதே வின்சுலோதான். அகராதி எழுதியவரை எல்லோருக்கும் தெரியும். 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய அவருடைய மனைவியைப் பலருக்குத் தெரியாது. அவர் அமெரிக்காவின் கனெக்ரிகற் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1833 தை மாதத்தில், முப்பத்தாறு வயதில், இங்கேயே கண்ணை மூடினார். அவருடைய சகோதரிகள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக அதே மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது இன்னொரு ஆச்சரியம்.

பாடசாலை தொடங்கிய கதையை எங்கள் அம்மம்மா சொல்லுவா. இரண்டு சிறு பெட்டைகள் மிஷன் வீட்டு வளவுக்கு வந்து எட்டிப்பார்ப்பார்களாம். அம்மையார் அவர்களுக்குத் தையலும் எழுத்தும் காட்டிக் கொடுத்தாராம். ஒரு நாள் பெருமழை பிடித்து வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே சாப்பிட்டுப் படுத்தார்களாம். அந்தக் காலத்தில் வேறு வீட்டில், அதுவும் வெள்ளைக்காரர் வீட்டில், கை நனைப்பது என்றால் சின்ன விஷயமா? சாதி போய்விட்டது என்று ஊர் கதைத்திருக்கும். உடுவில் பள்ளியிலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு கூட்டிச் சொன்னது என்று இப்போது பிரிக்க முடியாது. ஆனால் பெற்றாருக்கு எது பயமாக இருந்தது என்பதை அது சரியாகவே சொல்கிறது.

பெற்றாரை இணங்க வைக்க மிஷன் ஒரு வழி கண்டுபிடித்தது. உணவும் உடுப்பும் கொடுத்துப் படிப்பிப்பதோடு, படிப்பை முடித்துக் கலியாணம் செய்யும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தார்கள்! எங்கள் ஊரின் நாடி எங்கே துடிக்கிறது என்று அந்தப் பாதிரிமாருக்கு எவ்வளவு சுறுக்காக விளங்கிவிட்டது பாருங்கள். மாப்பிள்ளைமார் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கிறிஸ்தவப் பொடியன்கள்.

இந்தச் செலவுக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? அமெரிக்கச் சிற்றூர்களின் தேவாலயங்களிலிருந்தும், பெண்கள் சங்கங்களிலிருந்தும், தனிக் குடும்பங்களிலிருந்தும் வந்தது. ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்கும் குடும்பம் அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கலாம். இதனால்தான் 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையை நடத்திய தமிழர்களுக்கு ஹென்றி மார்ட்டின் என்றும் சேத் பேசன் என்றும் பெயர்கள். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும் இப்படியொரு வழக்கத்தின் நடுவில்தான். பெண்பிள்ளைகளுக்கும் இதே கதை. தாய் வைத்த பெயர் வீட்டிலும், பணம் அனுப்பியவர் வைத்த பெயர் பதிவேட்டிலும் இருந்தன. கடல் கடந்த அந்த மனிதர்களின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பார்த்திராத ஒரு பிள்ளைக்காகக் காசு சேர்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் பெயர் என்பது சின்ன விஷயமல்ல. இங்கே எங்கள் பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்கள் உடைத்து உச்சரிக்கும்போது எங்களுக்கு எவ்வளவு கோபம் வருகிறது!

உடுவிலின் பெயரை நிலைநாட்டியவர் எலைசா அக்னியூ. நியூயோர்க்கில் 1807 இல் பிறந்தவர். எட்டு வயதில் பூமிசாஸ்திர வகுப்பில் இருந்தபோது, ஒரு நாள் தூர தேசத்துக்குப் போய்ப் படிப்பிப்பேன் என்று தீர்மானித்தாராம். பெற்றார் இருக்கும்வரை அவர்களைப் பார்த்துவிட்டு, 1840 இல் யாழ்ப்பாணம் வந்தார். கலியாணம் செய்யாத பெண் தனியாக வந்திருக்கிறாளே என்று ஊரே அதிசயப்பட்டிருக்கும். உடுவிலைச் சுமார் நாற்பது ஆண்டுகள் நடத்தினார். ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. தன்னிடம் படித்தவர்களின் மகள்களையும் பேத்திமாரையும் படிப்பித்தார். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரை அழைத்தார்கள். 1883 இல் மானிப்பாயில் காலமானார். அவரிடம் படித்தவர்கள் கிராமம் கிராமமாக ஆசிரியைகளாகப் போனார்கள். கல்வி பரவியது அமெரிக்கரால் மட்டும் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். சேலை உடுத்து, ஒழுங்கையால் நடந்துபோய், திண்ணையில் இருந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள்தானே.

இங்கே ஒரு ஒப்பீடு. நோர்வேயில் பெண்பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பேர்போன நீசன் பாடசாலையைக் கிறிஸ்ரியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், ஹார்ட்விக் நீசன் தொடங்கியது 1849 இல். உடுவில் அதற்கு இருபத்தைந்து வருடம் மூத்தது. இரண்டிலும் ஒரே படிப்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "உங்கட நாட்டில பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போறதோ?" என்று இங்கே யாராவது கேட்டால், பிள்ளைகள் இந்த இரண்டு ஆண்டுகளையும் மனதில் வைத்திருக்கட்டும்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். 1855 இல் பொஸ்ரனிலிருந்து மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணத்துக்கு நேரில் வந்தார். ஆங்கிலம் படித்த பொடியன்கள் மிஷன் வேலையை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள், சுதேச மொழியில் படிப்பித்தால் போதும் என்பது அவருடைய கொள்கை. அவர் வந்து போனதோடு வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலில் ஆங்கிலம் நிறுத்தப்பட்டு, பிள்ளைகளின் தொகையும் குறைக்கப்பட்டது. தமிழில் படிப்பிப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அதே காலத்தில் மானிப்பாயில் டொக்டர் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தையே தமிழில் படிப்பித்துக் காட்டினார். ஆனால் உத்தியோகத்துக்கு ஓடியது பொடியன்கள்! அந்தக் காலத்தில் எந்தக் கச்சேரியில் எந்தப் பெண் உத்தியோகம் பார்த்தாள்? ஓடாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கதவு அடைபட்டது. ஆண்பிள்ளைகளுக்காக ஊர்ப் பெரியவர்கள் மனுக் கொடுத்தார்கள், பணம் சேர்த்தார்கள், 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பெண்பிள்ளைகளுக்காக அப்படி ஒரு கூட்டம் கூடியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. உடுவிலுக்கு ஆங்கிலம் பிறகு மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது.

வேம்படி, திருக்குடும்பக் கன்னியர் மடம், 1896 இல் தொடங்கிய சுண்டுக்குளி ஆகியவற்றுக்கும் இதேபோல் இங்கிலாந்தோடும் ஐரோப்பாவோடும் தொடர்பு உண்டு. அவற்றை அந்தந்தப் பள்ளிப் பழைய மாணவிகள் எழுதட்டும். நான் மருதனார்மடத்துக்குப் போகிறேன்.

சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். மிஷன் பள்ளிக்கு அனுப்ப மனமில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். தேவாரமும் சங்கீதமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. ஆனால் அந்தச் சைவப் பள்ளியின் முதல் தலைவி யார் என்று நினைக்கிறீர்கள்? லண்டன் நாடக மேடை நடிகை புளோரன்ஸ் பார்! பெர்னாட் ஷோவின் முதல் நாடகங்களில் நடித்தவர், கவிஞர் யேற்சின் நெருங்கிய தோழி. எங்கள் பிள்ளைகள் இங்கே பாடத்தில் படிக்கும் இப்சனின் 'ரொஸ்மர்ஸ்ஹொல்ம்' நாடகம் 1891 இல் லண்டனில் மேடையேறியபோது அதில் ரெபெக்காவாக நடித்தவரும் இவர்தான். 1912 இல் எல்லாவற்றையும் விட்டு இலங்கைக்குக் கப்பலேறினார். நோர்வேஜிய நாடகாசிரியர் படைத்த அந்தச் சுதந்திரப் பெண்ணை மேடையில் வாழ்ந்து காட்டியவர், மருதனார்மடத்தில் தலைப்பின்னலும் தாவணியுமாக நின்ற பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றார். மார்பகப் புற்றுநோயால் 1917 இல் கொழும்பில் காலமானார். அவருடைய அஸ்தியை இராமநாதனே களனி கங்கையில் கரைத்தார். யேற்ஸ் பின்னாளில் எழுதிய 'ஓல் சோல்ஸ் நைற்' என்ற கவிதையில் அவரை நினைவுகூர்கிறார்.

கல்லூரியை நீண்டகாலம் தாங்கியவர் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார். அவரும் அவுஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்தான். இத்தனை செய்த இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு 1920களின் பிற்பகுதியில் வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். பெண் படிக்கலாம், வாக்குப் போடக்கூடாது! நல்லவேளை, அவர் சொல் எடுபடவில்லை. 1931 இல் அவருடைய கல்லூரியில் படித்த பெண்களும் வரிசையில் நின்று வாக்களித்திருப்பார்கள்.

உலகம் வந்தது சரி, எங்கள் பெண்கள் போனார்களா? முதலில் போனது சென்னைக்குத்தான். அங்கே 1914 இல் குயீன் மேரிஸ் கல்லூரியும் 1915 இல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் தொடங்கின. என் பெரியம்மா நாற்பதுகளில் அப்படிப் போனவ. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயிலில் விடிய விடியப் பயணம். ஒரு தகரப்பெட்டி, ஒரு போத்தல் நல்லெண்ணெய், பனங்கட்டிக் குட்டான், காவலுக்கு ஒரு மாமா. "மாமா முழுக்க நித்திரை, நான்தான் அவருக்குக் காவல்" என்று சொல்லிச் சிரிப்பா. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அந்தப் பாதையும் அதோடு போனது. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக வாசலில் எங்கள் பிள்ளைகளுக்குத் தடைக்கல் போட்டது. அதன் பிறகு போனவர்கள் படிக்கப் போனவர்களா, தப்பிப் போனவர்களா என்று பிரிப்பது கஷ்டம். நோர்வேக்கு முதலில் வந்த எங்கள் இளைஞர்கள் பலர் இங்குள்ள 'போல்க்கஹோய்ஸ்கூல'களுக்கு மாணவர்களாகத்தான் வந்தார்கள். 1995 ஐப்பசி 30 இல் வலிகாமமே வெறுமையானபோது உடுவிலும் மருதனார்மடமும் அந்தப் பெருவழியில் போன சனத்தோடு காலியாகின. அடுத்த வருடம் சனம் திரும்பி வந்ததும் மணி மறுபடி அடித்தது. 2024 இல் உடுவிலுக்கு இருநூறு வயது.

இன்று பணமும் பொருளும் அனுப்புவது பொஸ்ரன்காரர் அல்ல, நாங்கள். ஒவ்வொரு நகரத்திலும் பழைய மாணவிகள் சங்கம் இருக்கிறது. எங்கள் சங்கக் கூட்டத்திலும் வன்னியில் ஒரு பெண்கள் பாடசாலைக்குக் கணினி அறை செய்துகொடுப்பது பற்றிக் கதைத்தோம். வாசலில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதிலேயே ஒரு மணித்தியாலம் போனது. அப்போதுதான் எனக்கு ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் ஞாபகத்துக்கு வந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள் என்று அவர்களைக் குறை சொல்கிறோம், நாங்கள் சுவருக்கு வைக்கிறோம். பலகை வேண்டாம், முதலில் அந்தப் பிள்ளைகளிடம் கேட்போம் என்று நான் சொன்னேன். சிலருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் கடிதம் போனது.

பதில் வந்தது. நாங்கள் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்று இருந்தோம். அவர்கள் கேட்டது உயர்தர இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் கடந்தகால வினாத்தாள் செய்துகாட்ட ஆள். ஆங்கிலம் மூன்றாவது இடத்தில்தான் இருந்தது. கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது: "அங்க பிறந்த அக்காமாருக்கு நாங்கள் தமிழ் எழுதச் சொல்லிக்குடுக்கலாமோ?"

இங்கே பொறியியல் படிக்கும் எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சூமில் கணக்குச் செய்து காட்டுகிறார்கள். கடைசி அரை மணித்தியாலம் அந்தத் தங்கச்சிமார் இவர்களுக்கு ழகர, ளகர, லகரம் திருத்துகிறார்கள். இரசாயனவியலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, யாராவது இருந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கோ. கோடைகால நேரம் மாறிவிட்டதால் இனி இங்கே காலை 10 மணி அங்கே பகல் 1.30. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.