நீலியின் தந்திரக் காட்சி: கள்ளியங்காட்டிலிருந்து ‘லோகா’ வரை

2025 ஆகஸ்ட் 28 அன்று ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ என்ற மலையாளப் படம் வெளியானது. டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மானின் வேஃபேரர் பிலிம்ஸ் தயாரிப்பு, கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. சுமார் 30 கோடி ரூபாயில் எடுத்த படம் 300 கோடியைத் தாண்டி வசூலித்ததாகச் செய்திகள் வந்தன. நான் படித்த விமர்சனங்களில் பாதிக்கு மேல் இந்த ரெண்டு எண்களோடுதான் தொடங்கின. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நல்ல கிராபிக்ஸா என்பது அடுத்த வரி. நாயகிக்கு எந்த ஊர் என்று கேட்டவர்கள் குறைவு.

படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கதையைச் சொல்லப் போகிறேன். பெங்களூருவில் ஓர் அடுக்ககத்தில் குடியேறும் அந்தச் சந்திரா வேறு யாருமில்லை. கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்க பக்கத்து ஊர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் பார்வதிபுரம் தாண்டினால், சுங்கான்கடைக்கு முன்னால் வரும் இடம். இன்றைக்குக் காடும் இல்லை, கள்ளியும் அதிகம் இல்லை. பெயர் மட்டும் அப்படியே இருக்கு.

ஆக, இந்திய அளவில் பேசப்பட்ட ஒரு பெண் சூப்பர்ஹீரோ நாஞ்சில் நாட்டுக்காரி. இதில் பெருமைப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த மாதிரிப் படங்களை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, நீலியின் பழைய கதையிலேயே ஒரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதை எழுதி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘விஎப்எக்ஸ்’ வருவதற்கு முன் தமிழ்ப் பட டைட்டில்களில் ‘தந்திரக் காட்சிகள்’ என்று போடுவார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். தந்திரம் என்றால் ஏமாற்று. யாராவது ஒருவர் ஏமாற வேண்டும். யார் ஏமாறுகிறார்கள், எதற்காக ஏமாறுகிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே கேள்வியாக இருக்கிறது. ‘விஷுவல் எபெக்ட்ஸ்’ என்ற சொல்லில் அந்தக் கேள்வி இல்லை.

இப்போது நீலியின் கதை. இதற்கு ரெண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒன்று வடக்கே, திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழையனூரில் நடப்பது. 7-ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தக் கதையைக் குறிப்பிடுகிறார். சேக்கிழாரும் பழையனூர் வேளாளர்களின் வாக்குத் தவறாமையைச் சொல்கிறார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் இதே பழையனூர் நீலி ஒரு சமணத் துறவியிடம் தோற்று, பிறகு ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரிடம் வாதம் செய்யும் பெண்ணாகிறாள். இன்னொரு கிளை தெற்கே, எங்கள் வில்லுப்பாட்டில் வருவது. கொடை விழாக்களில் இசக்கியம்மன் கோவில் முன்னால் பாடுவது.

தெற்கத்திக் கதையின் சுருக்கம் இது. நம்பி என்பவன், தன்னை நம்பிக் கூட வந்த தாசிப் பெண்ணை நகைக்காகக் காட்டில் கொல்கிறான். அவன் மடியில் தலை வைத்துத் தூங்கியவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். கேட்க ஆளில்லாத இடம். பக்கத்தில் நிற்பது ஒரு கள்ளிச்செடி மட்டும். சாகும்போது அவள் அந்தக் கள்ளியைத்தான் சாட்சியாக வைக்கிறாள். அடுத்த பிறவியில் அவன் வணிகன், அவள் பேய். மந்திரித்த ஆயுதம் கையில் இருப்பதால் அவளால் அவனை நெருங்க முடியவில்லை. உடனே ஒரு கள்ளிக்கொம்பை ஒடிக்கிறாள். அது குழந்தையாகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்குப் போய், “இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுட்டுப் போறார்” என்று அழுகிறாள். ‘நீலிக் கண்ணீர்’ என்ற வழக்கு இந்த அழுகையிலிருந்துதான் வந்தது. குழந்தையும் அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபை நம்பிவிடுகிறது. ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ரெண்டு பேரையும் ஒரே இடத்தில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர்களும் தீயில் இறங்கினார்கள் என்பது பழையனூர்க் கதையின் முடிவு.

கள்ளிக்கொம்பு குழந்தையாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். இன்றைய பாஷையில் இது ஒரு மார்பிங் ஷாட். செடியின் பால் வடியும் முனை தலையாகும், கிளைகள் கை காலாகும். நல்ல ஸ்டுடியோவிடம் கொடுத்தால் அருமையாகச் செய்து தருவார்கள். வில்லுப்பாட்டில் இதற்கு இருக்கும் கருவிகள் வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை, அப்புறம் புலவரின் குரல். அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் மென்பொருள். அடுத்தவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வரியை எடுத்துவிட்டால் எது உடையும்? எதுவும் உடையாது என்றால் அந்த வரி அங்கே எதற்கு? இதே கேள்வியைக் கள்ளிக்கொம்பிடம் கேட்டுப் பாருங்கள். அதை எடுத்துவிட்டால் மொத்தக் கதையும் விழுந்துவிடும். குழந்தை இல்லாமல் சபை நம்பாது. சபை நம்பாமல் ஆயுதம் கைமாறாது. ஆயுதம் கைமாறாமல் பழி தீராது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தை பொய்ச் சாட்சி. அவன் அதன் அப்பன் இல்லை. ஆனால் அது கள்ளி. கொலையை நேரில் பார்த்த ஒரே உயிர். அதைவிட உண்மையான சாட்சி அந்தச் சபைக்கு வரவே முடியாது. பொய்யான உருவத்தில் உண்மையான சாட்சி வந்து நிற்கிறது. சபையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். தவறான காரணத்துக்காகச் சொன்ன அந்தத் தீர்ப்பால் பழைய கொலைக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அதற்குக் குற்றமில்லாத 70 பேர் விலை கொடுத்தார்கள். கொடையில் உட்கார்ந்து கேட்பவர் யார் பக்கம் நிற்பது? நீலி பக்கமா, சபை பக்கமா? முடிவு சொல்ல முடியாமல்தான் அவளுக்குக் கோவில் கட்டிக் கும்பிடுகிறோம். முப்பந்தல் உட்பட மாவட்டம் முழுக்க இசக்கி இருக்கிறாள். இடுப்பில் குழந்தையோடு இருக்கும் இசக்கி உருவங்களை எங்கும் பார்க்கலாம். குழந்தைகளோடு நிற்கும் சமண இயக்கி அம்பிகாவோடு ஆய்வாளர்கள் இவளைத் தொடர்புபடுத்துவதுண்டு. சிதறால் மலையில் அம்பிகையின் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம்.

இந்த நீலி மலையாளத்துக்குப் போனதும் கதை மாறுகிறது. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுத்து வெளியிட்ட ஐதிஹ்யமாலையில் கடமற்றத்துக் கத்தனார் கதை உண்டு. திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் பயணிகளைக் கொல்லும் யட்சியை அந்தப் பாதிரியார் தலையில் ஆணி அறைந்து அடக்குகிறார். பத்மநாபபுரம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூரோடு சேர்ந்துதான் இருந்தோம். அந்த யட்சியையும் கள்ளியங்காட்டு நீலியையும் மலையாளிகள் ஒன்றாகவே பார்க்கிறார்கள். இங்கே தந்திரம் ஆணி. ஆணி அடித்தால் வேலைக்காரி, பிடுங்கினால் யட்சி. இந்தத் தந்திரம் கத்தனாரின் சக்தியைக் காட்டுகிறதே தவிர, அவள் ஏன் கொல்கிறாள் என்று கேட்பதில்லை. சபையில் வாதாடிய பெண்ணுக்கு இந்தக் கதையில் பேச்சே கிடையாது.

‘லோகா’ இந்த இடத்தில்தான் நல்ல காரியம் செய்தது. அது நீலிக்கு மறுபடியும் ஒரு காரணம் கொடுத்தது. படத்தின் முன்கதையில் அவள் காட்டுக்குடிச் சிறுமி. கோவிலுக்குள் நுழைந்ததற்காக அரசனின் ஆட்கள் அவள் கூட்டத்தை அழிக்கிறார்கள். வௌவால் குகையில் அவளுக்குச் சக்தி வருகிறது. கத்தனார் இங்கே அவளை அடக்குபவர் இல்லை, வழிகாட்டி. ஆணியைப் பிடுங்கி எறிந்த கதை என்று சொல்லலாம். நாட்டார் கதையை இப்படி மாற்றலாமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக மாற்றலாம். சமணர்கள் மாற்றினார்கள், சைவர்கள் மாற்றினார்கள், சங்குண்ணி மாற்றினார். மாறாத கதை நாட்டார் கதையே இல்லை.

தொழில்நுட்பமாகவும் படம் கெட்டிக்காரத்தனமானது. பெரும்பகுதி இரவில் நடக்கிறது. நிமிஷ் ரவியின் ஒளிப்பதிவு இருட்டைச் செலவு குறைக்கும் வழியாகவும் கதையின் நிறமாகவும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. கல்யாணி அசையாமல் நிற்கும் காட்சிகளிலேயே அவள் மனுஷி இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

குறை என்று எனக்குத் தோன்றுவது வேறு. இந்த நீலி செய்வது எல்லாமே சரி. எதிரில் நிற்பவன் எல்லா வகையிலும் கெட்டவன். அவள் பறக்கும்போது நாம் விசில் அடிக்கலாம், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு நமக்கு இல்லை. வில்லுப்பாட்டில் கேட்பவர் அந்த எழுபது பேரோடு சபையில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே நாம் பாதுகாப்பாகத் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறோம். கிராபிக்ஸ் பல மடங்கு கூடியிருக்கிறது, பார்ப்பவருக்கு இருந்த ஆபத்து குறைந்துவிட்டது.

இந்த அளவுகோலை மற்ற படங்களிலும் வைத்துப் பார்த்தேன், ஓரளவு நிற்கிறது. 1957-ல் வந்த ‘மாயா பஜார்’ படத்துக்கு மார்கஸ் பார்ட்லி எடுத்த தந்திரக் காட்சிகளை இன்றும் பாராட்டுகிறோம். ஆனால் அதில் எனக்குப் பெரிய தந்திரமாகப் படுவது, கடோத்கஜன் வத்சலாவாக உருமாறிய பிறகு சாவித்திரி நடப்பதுதான். மணமகள் உடம்புக்குள் அரக்கனின் நடை. கேமராவுக்கு அங்கே வேலையே இல்லை. கல்யாண வீட்டார் எல்லாரும் ஏமாந்தால்தான் கதை நகரும். 1963-ல் காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியைத் தூக்கிப்போகிறார்கள். விண்கலம் இன்றைக்குப் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் வந்த காரணம் இன்னும் பழசாகவில்லை: அவர்கள் உலகில் கலை இல்லை, பாட்டுச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

2018-ல் வந்த ‘2.0’ படத்தின் எழுத்தில் எங்கள் மாவட்டத்து ஜெயமோகனுக்குப் பங்கு உண்டு. செல்போன்கள் பறவையாகத் திரண்டு வரும் காட்சிகளுக்குக் கோடிக்கணக்கில் செலவு. ஆனால் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது, பறவைகளுக்காகப் போராடித் தோற்ற கிழவர் செல்போன் கோபுரத்தில் தூக்கில் தொங்குவதைத்தான். அந்த உடலைப் பார்க்கும்போது நம் சட்டைப்பையில் இருக்கும் போனும் குற்றவாளி ஆகிறது. அங்கே நாம் தியேட்டரிலிருந்து சபைக்கு வந்துவிடுகிறோம்.

‘லோகா’வின் அடுத்த அத்தியாயம் டொவினோ தாமஸின் சாத்தானைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறார்கள். சாத்தான் மலையாள சினிமாவுக்குப் புதியவன் இல்லை. 1984 ஆகஸ்ட் 24-ல் வெளியான நவோதயாவின் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் 3டி படம். ஜிஜோ இயக்கியது, தமிழிலும் வந்தது. 3டி கண்ணாடியால் கண்நோய் பரவும் என்று புரளி கிளம்பியதால், கண்ணாடிகளைச் சுத்தம் செய்துதான் தருகிறோம் என்று நட்சத்திரங்களே விளக்கும் காட்சியைப் படத்தின் முன்னால் சேர்த்தார்கள். தமிழில் ரஜினிகாந்த் விளக்கினார். தந்திரத்தை நம்பவைக்கக் கொடுத்த ஜாமீன் என்று அதைச் சொல்லலாம்.

முகத்துக்கு நேராக நீட்டிய பொருள்களில் பலவற்றை எல்லாரும் மறந்தாச்சு. சுவரிலும் கூரையிலும் பிள்ளைகள் நடக்கும் பாட்டு மட்டும் நினைவில் நிற்கிறது. அறையையே சுழலும் செட்டாகச் செய்து எடுத்தது அது. மந்திரவாதியிடம் அடிமையாக இருந்த ஒரு குட்டிச்சாத்தானும் அவனை விடுவித்த பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்கும் விடுதலை அது. தலைகீழாக நடப்பதற்கு அங்கே ஒரு காரணம் இருந்தது.

ஆகவே அடுத்த அத்தியாயம் வரும்போது நான் பட்ஜெட்டைப் பார்க்கப் போவதில்லை. மூன்று கேள்விகள் போதும். இந்தத் தந்திரத்தால் கதைக்குள் ஏமாறுவது யார்? அதற்கு விலை கொடுப்பது யார்? பார்க்கிற எனக்கு அதில் ஏதாவது பொறுப்பு இருக்கிறதா? சாத்தான் யாருக்கோ அடிமையாக ஏவல் செய்தவன். அவன் செய்த கெடுதலில் பங்கு அவனுக்கா, ஏவியவனுக்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த வழக்கைப் படம் எடுத்துக்கொண்டால் கிராபிக்ஸ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நீலி கதையை முழுதாகப் பாடத் தெரிந்த புலவர்கள் எங்கள் பக்கத்தில் வயதாகி வருகிறார்கள். கள்ளி சாட்சியாக நின்ற பகுதியை இன்னும் யாரும் படமாக எடுத்து நான் பார்க்கவில்லை. ‘லோகா’ பிடித்திருந்தால், அடுத்த கொடைக்கு முப்பந்தல் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ வாங்க. வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, கொம்பு குழந்தையாகும் இடம் வரை கேட்டுட்டுப் போங்க. தீர்ப்பு என்ன என்று அப்புறம் பேசுவோம்.